கண்ணாடி அக்காவின் தொப்பி

கண்ணாடி அக்கா குனிந்து ப்ளேட்டைத் துடைக்கிறார் என்றால், பூமி ஒரு நொடி சுற்றுவதை நிறுத்திவிட்டு, "அப்படியே என் மூஞ்சியையும் கொஞ்சம் துடைச்சு விடுங்கக்கா" என்று கேட்கும். கழுகுக்குக் கண் மங்கினால் இவரிடம் வந்துதான் பவர் பார்த்துக்கொண்டு போகும். விடியலாமா வேண்டாமா என்று சூரியன் எட்டிப் பார்ப்பது இவருடைய வலது கையைத்தான். அந்தக் கை உயரவில்லை என்றால் அன்றைக்குப் பொழுது கிடையாது. எல்லாரும் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.

இவ்வளவு பெரிய ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. மண்கறை போகாத சாம்பல் நிறக் கால்சட்டை, மார்பில் கவசம், நீலத் தொப்பி, அதற்கு மேல் கம்பி வலை போட்ட முகமூடி. துடைத்து முடித்ததும் தூரிகையை உள்ளங்கையில் தட்டிப் பின்பையில் செருகுவார். பந்தோடு நிற்கிறவளை நிமிர்ந்து பார்ப்பார். "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் ஆட்டம்.

சாஃப்ட்பால் பார்த்திராதவர்களுக்காக ஒரு பத்தி. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அந்தப் பந்துக்கு சாஃப்ட் என்று பெயர் வைத்தவர் அதை முழங்காலில் வாங்கியதில்லை. ப்ளேட் என்பதும் சாப்பிடுகிற தட்டு இல்லை, மண்ணில் பதித்த வெள்ளை ரப்பர் பலகை. அதன் பக்கத்தில் மட்டையோடு ஒருத்தி நிற்பாள். எதிரே ஒருத்தி கையைக் கீழாகச் சுழற்றிப் பந்தை எறிவாள். ப்ளேட்டுக்கு மேலே, மட்டைக்காரியின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவே, காற்றில் ஒரு சன்னல் இருக்கிறது. பந்து அந்தச் சன்னல் வழியாகப் போனால் ஸ்ட்ரைக்; அம்பயரின் வலது கை உயரும், மூன்று ஆனால் மட்டைக்காரி அவுட். வெளியே போனால் பால். அந்தச் சன்னலை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இருக்கிறது என்று நம்பித்தான் இத்தனை பேர் வெயிலில் காய்கிறோம். கண்ணாடி அக்கா மட்டும் நம்புவதில்லை. அவர் பார்க்கிறார்.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் அணியில் நான் கேட்சர், அதாவது ப்ளேட்டுக்குப் பின்னால் தவளை மாதிரி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவள். எனக்குப் பின்னால் குனிந்து நிற்பவர் அம்பயர். அக்காவுக்கும் எனக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். அவர் மூச்சு என் பின்கழுத்தில் படும். இருமல் மிட்டாய் வாசனை வரும். வேலைக்குப் போகிற இடத்தில் அவரோடு பேசுகிறவர்களை விட, ஆட்டத்தில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

கேட்சர் தொழிலில் ஒரு சின்னத் திருட்டு உண்டு. சன்னலுக்கு வெளியே வந்த பந்தைப் பிடித்து, பிடித்த வேகத்திலேயே கையுறையை நைசாக உள்ளே இழுத்துக்கொள்வது. பார்க்கிறவர் அசந்தால் பால் ஸ்ட்ரைக் ஆகிவிடும். நான் இதில் கொஞ்சம் கெட்டிக்காரி. பள்ளிக்கூடம் என்னைப் பத்தாவதோடு போதும் என்று வழியனுப்பிய காலத்திலிருந்து இந்த ஒன்றைத்தான் ஒழுங்காகப் படித்து வருகிறேன். அக்காவிடம் முதல்முறை இதைச் செய்தபோது அவர் கத்தவில்லை, எச்சரிக்கவில்லை. என் காதுக்குப் பின்னால் மெல்லச் சொன்னார்: "பந்து வந்த இடத்தை நான் பாத்துட்டேன், வாலு. இனிமே நீ அதைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஊரைச் சுத்திக் காட்டினாலும் அது பால்தான்."

வாலு என்பது அன்றிலிருந்து எனக்குப் பெயர்.

பதிலுக்கு நான் சும்மா இருப்பேனா. ஒரு நாள் ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய பின்பையிலிருந்து தூரிகையை எடுத்துவிட்டு, ஒரு பல்துலக்கியைச் செருகி வைத்தேன். அக்கா ப்ளேட் முன்னால் வந்தார், குனிந்தார், கையை விட்டு எடுத்தார். பார்த்தார். கூட்டம் முழுக்க அவரையே பார்க்கிறது. அவர் ஒன்றும் நடக்காத மாதிரி அந்தப் பல்துலக்கியால் ப்ளேட்டை மூலை மூலையாகத் தேய்த்து முடித்தார். ஆட்டம் முடிந்து எல்லாரும் கைகுலுக்கும்போது என் உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. பல்துலக்கி. "கடவாய்ப் பல்லுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கைகொடுக்கப் போய்விட்டார்.

பகலில் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அம்பயராக இருப்பவருக்கு இதைவிடக் கேலியான தொழில் கிடைக்காது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் உலகத்தில் எந்த மைதானத்திலும் ஒரே கூச்சல்தான்: போய்க் கண்ணாடி வாங்கிப் போடு. அக்காவிடமும் கத்துவார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, கத்தியவர் முகத்தைச் சற்று நேரம் கூர்ந்து பார்ப்பார். "செவ்வாக்கிழமை கடைக்கு வாங்க. உங்க மூஞ்சிக்கு வட்ட ஃப்ரேம் சரிப்படாது, சதுரமா பாப்போம்" என்பார். சிலர் உண்மையிலேயே வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலாளிக்கு அதனால்தான் சாஃப்ட்பால் மேல் இவ்வளவு பிரியம் என்று கடையில் பேச்சு.

கடை ஒரு நீளமான அறை. இரண்டு சுவரிலும் ஃப்ரேம்கள், நடுவில் ஒரு மேஜை, கடைசியில் ஆளுயர நிலைக்கண்ணாடி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அக்கா அந்த நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பார். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, வலது கையை உயர்த்திப் பார்ப்பார். தோள் எவ்வளவு ஏறுகிறது, முழங்கை எங்கே நிற்கிறது. ஒருநாள் கதவைத் திறந்து உள்ளே வந்த பெரியவர் ஒருவர், அக்கா தன்னைப் பார்த்துத்தான் கையை ஓங்குகிறார் என்று பயந்து படியிறங்கிவிட்டாராம். அக்கா தெருவில் பாதி தூரம் ஓடிப் போய்க் கூட்டி வந்தார்.

நான் வேலை பார்க்கும் சலவைக் கடை அதற்கு எதிரில். துணி மடிக்கிற மேஜையிலிருந்து நேராகப் பார்த்தால் அந்த நிலைக்கண்ணாடி தெரியும். அதனால்தான் எனக்குத் தெரியும்: அவர் பழகுவது சாதாரண ஆட்டத்துக்கு இல்லை. சாதாரண ஆட்டத்துக்கு அவர் கை இடுப்பளவில் சுருக்கமாகத்தான் அசையும். நிலைக்கண்ணாடி முன்னால் மட்டும் அது தலைக்கு மேலே போகும். கூரை வரை ஆள் உட்கார்ந்திருக்கிற மைதானத்தில், கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பது மாதிரி.

அது இறுதிப் போட்டிக்கான கை. அந்தக் கை இன்னும் மேடை ஏறவில்லை.

எங்கள் சாஃப்ட்பால் சங்கத்தில் இறுதிப் போட்டிக்கு அம்பயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான் இது புரியும். முன்னொரு காலத்தில் சங்கச் செயலாளரே ஆளைப் போடுவாராம். ஒரு வருஷம் தோற்ற அணி, அம்பயர் செயலாளரின் மச்சான் என்று சொல்லி நாற்காலியை வீசியிருக்கிறது. நாற்காலி பட்டது மச்சான் மேல் இல்லை, செயலாளர் மேல். அன்றைக்கே புது முறை வந்துவிட்டது. அதற்குக் கவிழ்ப்பு என்று பெயர்.

வருஷம் முழுக்க நன்றாகப் பார்த்தவர்கள் என்று நாலு அம்பயர்களை சங்கம் பொறுக்கும். இறுதிப் போட்டி நடக்கும் காலையில் அந்த நாலு பேரும் சங்க அறை மேஜையில் ஆளுக்கொரு இடத்தில் தங்கள் தொப்பியை வைத்துவிட்டு வெளியே போய்விடுவார்கள். அணிக்கு ஒருவர், ஒருவர் பின் ஒருவராக, தனியாக உள்ளே போய், வேண்டாத ஆளின் தொப்பியை உள்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்துவிட்டு வரலாம். ஒரு ஆள், ஒரு தொப்பி; வேண்டாதது ஏற்கெனவே கவிழ்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். யார் எதைக் கவிழ்த்தார் என்று கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது. கவிழாமல் மிஞ்சிய தொப்பிகளில் யார் மூத்தவரோ அவருக்கு ப்ளேட். மற்றவர்களுக்கு ஓரத்து பேஸ்கள், அதாவது ஓடுகிறவர்கள் தொட்டுப் போகிற மூலைகள்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு அணிக்கு யார் மேல் கோபம் வரும்? சரியான நேரத்தில் சரியாகச் சொன்னவர் மேல்தான் வரும். கடைசியில் ப்ளேட் யாருக்குப் போகிறது என்றால், யாருக்கும் ஞாபகம் இல்லாத ஆளுக்கு.

நாலு பேரில் அக்காதான் மூத்தவர். தொப்பி நிமிர்ந்திருந்தால் ப்ளேட் அவருக்குத்தான். வருஷா வருஷம் அது கவிழ்ந்தே கிடந்திருக்கிறது. அவர் உள்ளே வருவார், பார்ப்பார், எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார், "சரி, நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

அவருக்கு அடுத்த மூத்தவர் சமாதானம் சார். அவர்தான் வழக்கமாக ப்ளேட்டில் நிற்பவர். நல்ல மனிதர், ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்கும் மிட்டாய் கொடுப்பார். அவர் தொப்பியை யாரும் கவிழ்த்ததில்லை, ஏனென்றால் அவர் கணக்கு சுலபம். இந்தப் பக்கத்துக்கு ஒரு தப்பு செய்துவிட்டால், அடுத்த இன்னிங்ஸில் அந்தப் பக்கத்துக்கும் ஒன்று செய்து சரிக்கட்டிவிடுவார். இரண்டு கோச்சுகளும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். இதைப் பற்றி அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். கண்ணாடிக் காலுக்குத் திருகு மாட்டிக்கொண்டே, "ஒரு கண்ணுக்குத் தப்பா பவர் போட்டுட்டா, இன்னொரு கண்ணுக்கும் தப்பா போட்டு அனுப்புவாங்களாடி?" என்றார்.

அக்கா தப்பே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை ஓடி வந்த ஒருத்தியை அவுட் என்று சொல்லிவிட்டார், அதனால் அவள் அணி தோற்றது. ஆட்டம் முடிந்தபின் அந்தப் பெண் ஷூவைக் கழற்றிக்கொண்டு அழுகிற இடத்துக்கு நடந்து போய், எல்லார் முன்னாலும், "நீ சேஃப்தான்மா. நான் நின்ன இடம் தப்பு, உன் காலை உன் தோள் மறைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து கோச்சுகளுக்கு அது வசதியாகப் போய்விட்டது. "அந்த அம்மாவே தப்பு பண்ணேன்னு ஒத்துக்கிட்டாங்களே" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாரும் தப்பே செய்யாதவர்களாக நடமாடுகிறார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அக்காவை எந்த மைதானத்துக்கும் அந்த வேனில்தான் கொண்டுவந்து விடுவார். முன் சீட்டில் கவசம், பின் சீட்டு முழுக்கப் பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்கள். ஆட்டத்தின் சட்டதிட்டம் அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதிலேயே சந்தேகம். இறுதிப் போட்டி அன்று மட்டும் அக்கா சங்க அறையிலிருந்து வெளியே வந்ததும் ஒரே கேள்வி கேட்பார்: "நடுவுலயா, ஓரமாவா?" அக்கா, "ஓரமா" என்பார். "ஓரத்துலதான் நிழல்" என்று அவர் சொல்வார். எங்கள் மைதானத்தில் எந்த ஓரத்திலும் நிழல் கிடையாது.

போன வருஷ இறுதிப் போட்டியை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் அணி அப்போது முதல் சுற்றோடு வீட்டுக்குப் போயிருந்தது. சமாதானம் சார் ப்ளேட்டில். அக்கா தூரத்தில், மூன்றாவது பேஸ் கோட்டில். எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வம்புக்கு அக்காவைப் பார்த்தேன். ஒவ்வொரு பந்துக்கும் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தொடையில் ஒரு தட்டு தட்டியது. சில பந்துக்குத் தட்டவில்லை; அவை பால். அத்தனை தூரத்திலிருந்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, அந்த ஆட்டம் முழுவதையும் அவர் தன் தொடையிலேயே நடத்தி முடித்தார். கடைசிப் பந்துக்கு சமாதானம் சார் கையை உயர்த்தியதும் வெற்றி பெற்ற அணி கூச்சலோடு உள்ளே ஓடியது. அக்காவின் விரல் அசையவில்லை.

அதற்கப்புறம் அவரை என்னால் வம்புக்குப் பார்க்க முடியவில்லை.

இந்த வருஷம் எங்கள் அணி அதிசயமாக அரையிறுதிக்கு வந்தது. அக்காதான் ப்ளேட்டில். ஒரு ஓட்டம் முன்னிலையில் இருந்தோம். எதிரணியில் ஒருத்தி மூன்றாவது பேஸிலிருந்து என்னை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தாள். பந்தைப் பிடித்துவிட்டேன். பந்து இருக்கிற கையால் அவளைத் தொட்டால்தான் அவுட். நான் தொட்டது கையுறையால். பந்து என் இன்னொரு கையில் இருந்தது. புழுதி வேறு மண்டிவிட்டது. என் கையுறை காலி என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், கடவுளுக்கு மட்டும்தான் சந்தேகம். அக்கா இரண்டு கையையும் விரித்து சேஃப் என்றார். எங்கள் கோச், அவரை நாங்கள் மாஸ்டர் என்போம், தண்ணீர் வாளியை உதைத்துக் கால் விரலைப் புண்ணாக்கிக்கொண்டார். எப்படியோ கூடுதல் இன்னிங்ஸில் ஜெயித்தோம். ஆனாலும் மாஸ்டர் நொண்டிக்கொண்டே சொல்லிவிட்டார்: "ஃபைனல்ல அந்தம்மா தொப்பிதான்."

மற்ற அரையிறுதியிலும் அக்கா சும்மா இருக்கவில்லை. எறியும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பினால் தப்பு. அந்த அணியின் நட்சத்திரம் எழும்பிக்கொண்டே இருந்தாள், அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆக, இரண்டு பக்கமும் முடிவாகிவிட்டது.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் நான் கண்ணாடிக் கடையில் இருந்தேன். வாடிக்கையாளர் போல் எழுத்துப் பலகையைத் தலைகீழாகப் படித்து அக்காவை எரிச்சலூட்டிக்கொண்டிருந்த நேரம். எதிரணித் தலைவி உள்ளே வந்தாள். நர்ஸ் படிப்பு படிக்கிறவள், நல்ல உயரம், மிருதுவான பேச்சு. அப்பாவின் கண்ணாடியை வாங்க வந்ததாகச் சொன்னாள். வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"அக்கா, நாளைக்கு நான்தான் உள்ள போறேன்," என்றாள். "கோச் சொல்லிட்டாரு. எனக்கு இஷ்டமில்லக்கா. ஆனா உங்க முதுகுக்குப் பின்னாடி பண்ண மனசு வரல."

அக்கா அவள் கையிலிருந்த கண்ணாடியைத் திரும்ப வாங்கி, கால் இரண்டையும் விரித்துப் பார்த்தார்.

"சொன்னதைச் செய்யிம்மா. இது கொஞ்சம் லூஸா இருந்தா அப்பாவைக் கூட்டிட்டு வா, இறுக்கித் தரேன்."

அவள் போனபின் அக்கா ஒரு ஃப்ரேமை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். நான் ஏதாவது நக்கலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அந்த ஃப்ரேமில் கண்ணாடியே போட்டிருக்கவில்லை. வெறும் ஓட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுத்துப் பலகையை ஒழுங்கான வரிசையில், கடைசிச் சின்ன எழுத்து வரை படித்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை. எங்கள் தலைவிக்கு அரையிறுதியில் கை பிசகியிருந்தது, ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போ. எந்தத் தொப்பின்னு தெரியுமில்ல?"

"தெரியும் மாஸ்டர்."

"உள்ள போய் ஏதாவது கூத்தடிச்சே, உன்னை சலவை மிஷின்லயே போட்டுச் சுத்த விட்டுடுவேன்."

முதலில் நர்ஸ் போனாள். வெளியே வந்தபோது யாரையும் பார்க்காமல் நடந்து போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். அப்புறம் நான்.

அறையில் ஒரு மின்விசிறி, நீள மேஜை, நாலு தொப்பிகள். மூன்று நிமிர்ந்திருந்தன. ஒன்று மல்லாந்து கிடந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாத் தொப்பிக்கும் உள்ளே வியர்வைப் பட்டை வைத்திருப்பார்கள். அக்காவின் தொப்பியில் அது நைந்துபோய், அதற்குப் பதிலாகக் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியைச் சின்னச் சின்னத் தையலாகப் போட்டு வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கவிழ்ந்த தொப்பியில்தான் அது தெரியும்.

நான் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். பிறகு பக்கத்திலிருந்த சமாதானம் சாரின் தொப்பியைக் கவிழ்த்தேன். ஒன்றும் கவிழாமல் இருந்தால் சந்தேகம் வருமே. என் முறைக்கு ஒரு தொப்பி என்று கணக்கும் சரியாகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு, பல் வலிக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

செயலாளர் எல்லாரையும் உள்ளே அழைத்தார். சமாதானம் சார் தன் தொப்பியைப் பார்த்தார். தெருவில் விழுந்து கிடக்கும் தன் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பரவால்ல, பரவால்ல," என்று யாரும் கேட்காமலே சொன்னார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் சலவை மிஷின் சுற்றியது. நர்ஸின் வாய் திறந்தது. அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"இந்தத் தடவை நீங்கதாம்மா ப்ளேட்டு," என்றார் செயலாளர். அவருக்கும் உள்ளூர சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்கா கடைக் கண்ணாடிதான்.

அக்கா உடனே தொப்பியைத் தொடவில்லை. இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். காதோரத்து முடியை ஒதுக்கினார். பிறகு எடுத்துத் தலையில் வைத்து, சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மைதானம் முழுக்க நீர் தெளித்திருந்தார்கள். புதுச் சுண்ணாம்புக் கோடுகள். கோடுகள் சேருகிற இடத்தில் ப்ளேட், அவ்வளவு வெள்ளையாக. இன்னும் யாரும் மிதிக்கவில்லை.

சன்னலுக்கு நேரே வேன் நின்றது. வீட்டுக்காரர் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. இந்தத் தடவை அவர் எதுவும் கேட்க வரவில்லை. வேனின் பக்கக் கண்ணாடியில் குனிந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். இறுதிப் போட்டி முடிந்ததும் எடுக்கிற படத்தில் ப்ளேட் அம்பயரின் வீட்டாரையும் நிற்க வைப்பது வழக்கம்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது போலத் தோள் கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு இறங்கியது.

திரும்பி, மேஜையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். ஆட்டத்தில் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நெருக்கம். ஆனால் அங்கே எனக்குப் பின்னால் இருப்பார், இங்கே முன்னால். எனக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்பட்டது.

"வாலு."

"என்னக்கா?"

"நேத்து கடையில நீயும் இருந்தே."

"ஃபேன் ரொம்ப வேகமா வச்சிருக்காங்கக்கா," என்றேன். "தொப்பி என்ன, மேஜையே பறந்துடும். காத்துதான்."

அக்காவின் கண் ஓரம் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

"காத்து கவுக்கும்," என்றார், மற்றவர் காதில் விழாத குரலில். "நிமித்தி வைக்குமாடி?"

நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ண ஆரம்பித்தேன்.

அவர் மேஜைக்குத் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார். அது இருந்த அதே இடத்தில், இரண்டு கையாலும், மஞ்சள் துணி மேலே தெரியக் கவிழ்த்து வைத்தார். விளிம்பு கோணலாக இருந்தது போல, சரிசெய்து நேராக வைத்தார்.

"என்னோடது கவுந்துதான் கிடந்துச்சு சார். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

செயலாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். சமாதானம் சார், "அம்மா, எதுக்கு இப்ப..." என்று ஆரம்பித்தார். மூப்பு வரிசையில் மூன்றாவதாக நின்ற இளைஞன், முதல்முறையாக நாலில் ஒருவனாக வந்தவன், தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அக்கா அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். நிலைக்கண்ணாடி முன்னால் மட்டும் உயர்த்துகிற அந்தக் கையை, தலைக்கு மேலே, மின்விசிறிக் காற்று படுகிற உயரத்துக்குத் தூக்கி, எனக்கு அவுட் கொடுத்தார்.